பழைய சிறுவர் படங்களின் வயதுச் சான்றை இன்று மாற்றுவது சரியா?

திருமங்கலத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். கோடை விடுமுறையில் தெருப் பிள்ளைகளை மொட்டை மாடியில் உட்காரவைத்துத் திரை கட்டிப் பழைய படங்களைப் போட்டுக்காட்டத் திட்டமிட்டிருந்தீர்கள். அதற்குள் பக்கத்து வீட்டு நண்பர் ஒருவர், ‘மேரி பாப்பின்ஸ்’ என்ற ஆங்கிலச் சிறுவர் படத்தின் வயதுச் சான்றை இங்கிலாந்தில் ஒரே ஒரு சொல்லுக்காக மாற்றிவிட்ட செய்தியை அனுப்பி, இப்படியே போனால் நாம் பார்த்து வளர்ந்த படம் எதையும் பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது என்று வருத்தப்பட்டிருக்கிறார். அறுபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்தை இன்றைய அளவுகோலால் அளப்பது நியாயமா என்று கேட்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் இருப்பதாகத் தோன்றியது. சான்றை மாற்றினால் அது படத்தைத் தடுப்பதாகுமா என்பது ஒன்று. நம்முடைய பழைய தமிழ்ப் படங்களில் வரும் சில வசனங்களை உங்கள் ஏழு வயது மகள் கேட்கும்போது பக்கத்தில் இருக்கும் நீங்கள் என்ன செய்வது என்பது மற்றொன்று. முதலாவதற்கு உறுதியான விடை உண்டு. இரண்டாவதற்கு அனுபவத்திலிருந்துதான் பேச முடியும்; நீங்கள் உண்மையில் கேட்டது அதுதான் என்று நினைக்கிறேன்.

மதுரையில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் துறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் பாடம் நடத்தினேன். இடையில் இரண்டாண்டு திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் சென்னை மண்டல ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக இருந்தேன். அங்கே பார்த்த படங்களைப் பற்றி வெளியில் பேசுவதில்லை. நடைமுறையை மட்டும் சொல்கிறேன். அதைவிட அதிகமாக எனக்குக் கற்றுக்கொடுத்தது, உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளிகளில் பதினைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் படம் திரையிட்டு வரும் வேலை. நான் வழக்கறிஞன் இல்லை, குழந்தை மனநல மருத்துவனும் இல்லை. ஆகவே ஒரு சொல் ஒரு குழந்தையின் மனத்தில் எவ்வளவு நாள் தங்கும் என்பதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் கண்ணால் பார்த்ததே தவிர, ஆய்வின் முடிவு இல்லை.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 1964இல் வெளியான அந்தப் படத்துக்கு பிரிட்டிஷ் திரைப்பட வகைப்பாட்டு வாரியம் அப்போதே ‘யு’ சான்று கொடுத்திருந்தது. 2013இல் மறுவெளியீட்டுக்காக வந்தபோதும் ‘யு’தான். 2024 பிப்ரவரியில், மீண்டும் திரையரங்குக்குக் கொண்டுவருவதற்காக விநியோகத் தரப்பிலிருந்து படம் வாரியத்துக்கு வந்தபோதுதான் ‘பி.ஜி.’ என்று மாற்றினார்கள். இழிவுபடுத்தும் சொல் இடம்பெறுகிறது என்பதைக் காரணமாகக் குறித்தார்கள். அதாவது வாரியம் பழைய படங்களைத் தோண்டி எடுத்துத் தேடிக்கொண்டிருக்கவில்லை. தன் மேசைக்கு வந்த படத்தை அன்றைய விதிப்படி பார்த்தது. வீட்டில் பார்க்கும் வட்டுகளில் ‘யு’ அப்படியே இருக்கிறது. படத்தில் ஒரு நொடிகூட வெட்டப்படவில்லை, ஒரு சொல்லும் மௌனமாக்கப்படவில்லை. ‘யு’ என்றால் நான்கு வயதும் அதற்கு மேலும் உள்ள குழந்தைகளுக்கு ஏற்றது என்றும், ‘பி.ஜி.’ என்றால் எட்டு வயதை ஒட்டிய குழந்தையைப் பொதுவாக அது கலக்கிவிடாது, அதைவிடச் சிறிய குழந்தையாக இருந்தால் பெற்றோர் யோசித்துக்கொள்ளட்டும் என்றும் பொருள். ‘பி.ஜி.’ படத்துக்கு எந்த வயதுக் குழந்தையும் தனியாகவேகூடப் போகலாம். வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள். உங்கள் நண்பரின் அச்சத்துக்கு இதுவே பதில். மாறியது சுவரொட்டியின் மூலையில் இருக்கும் இரண்டெழுத்து மட்டுமே.

அந்தச் சொல் ‘ஹாட்டன்டாட்’. படத்தில் கூரையைக் கப்பல் தளம்போல் அமைத்துக்கொண்டு வேளை தவறாமல் பீரங்கி வெடிக்கும் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் வருகிறார். அவர் இரண்டு இடங்களில் அதைச் சொல்கிறார். முதலில் சிறுவனிடம், அவர்களோடு சண்டைக்குப் போகிறாயா என்கிற தொனியில் கேட்கிறார். பிறகு, புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்கள் முகமெல்லாம் கரி அப்பிக்கொண்டு கூரைகளின் மேல் ஆடும்போது, அவர்களைப் பார்த்து நம்மை ஹாட்டன்டாட்டுகள் தாக்குகிறார்கள் என்று கூவி வாணவெடிகளை ஏவுகிறார். தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் மக்களுக்கு டச்சுக் குடியேறிகள் வைத்த பெயர் அது. அவர்களுடைய மொழியில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகளைப் பழித்துக் காட்டியதிலிருந்து பிறந்தது என்பது பரவலான கருத்து. சொற்பிறப்பில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. ஆனால் அதன் பயன்பாட்டில் ஐயத்துக்கே இடமில்லை. 1810இல் சாரா பார்ட்மன் என்ற கோய்கோய்ப் பெண்ணை லண்டனுக்குக் கொண்டுவந்து, இந்தப் பெயரையே பட்டமாகச் சூட்டி, அவருடைய உடலைக் காசு வாங்கிக்கொண்டு காட்சிப்பொருளாக்கினார்கள். 1815இல் பாரிசில் இறந்த பிறகும் அவருடைய எலும்புக்கூடு அங்கே அருங்காட்சியகத்தில் பல காலம் இருந்தது. 2002இல்தான் சொந்த மண்ணுக்குத் திரும்பி அடக்கமானது. படத்தின் கதை நடப்பது 1910ஆம் ஆண்டு லண்டனில். அந்த நகரத்தில் அந்தச் சொல்லுக்கு அப்போதே நூறு ஆண்டு வரலாறு இருந்தது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் ஒன்றை நான் மதிக்கிறேன். அந்த அதிகாரி பைத்தியக்காரத்தனமான கிழவர், படமே அவரைப் பார்த்துச் சிரிக்கிறது, அவர் வாயிலிருந்து வரும் சொல்லைப் படத்தின் கருத்தாகக் கொள்ளலாமா என்கிறார்கள். சரியான கேள்விதான். வாரியத்தின் விதியில் இதற்கு இடம் இருக்கிறது: இழிசொல் வரும்போது கதையோ மற்றொரு பாத்திரமோ அதை அப்போதே தெளிவாகக் கண்டித்தால் குறைந்த வயதுச் சான்று கிடைக்கலாம். இங்கே யாரும் கண்டிக்கவில்லை. சிரிப்பு அவருடைய பீரங்கியை நோக்கிப் போகிறதே தவிர அந்தச் சொல்லை நோக்கிப் போகவில்லை. முதல் இடம் மட்டும் இருந்திருந்தால் நானும் ‘யு’ என்றே எழுதியிருப்பேன். கரி பூசிய முகங்களைப் பார்த்து ஓர் இனத்தின் பெயரைச் சொல்லிக் கூவும் இரண்டாவது இடம்தான் என் கையைப் பிடித்து நிறுத்துகிறது. குழந்தைகள் இத்தகைய சொல்லைக் கேட்டு வேதனைப்படலாம், அல்லது அதன் பொருள் தெரியாமல் திருப்பிச் சொல்லலாம் என்பதுதான் பெற்றோர்கள் தங்களிடம் சொல்லும் கவலை என்று அந்த வாரியம் விளக்கியது. இந்த இரண்டாவது காரணத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வேண்டியிருக்கும்.

சான்றை மாற்றுவது, படத்தின் முன் எச்சரிக்கை வாசகம் போடுவது, படைப்பையே திருத்துவது ஆகிய மூன்றையும் செய்திகளில் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். 2020 அக்டோபரில் டிஸ்னி தன் இணையத் தளத்தில் ‘டம்போ’, ‘பீட்டர் பேன்’ போன்ற பழைய படங்களுக்கு முன்னால், இவற்றில் சில மக்களையும் பண்பாடுகளையும் தவறாகக் காட்டியிருக்கிறார்கள் என்று விரிவான அறிவிப்பு ஒன்றைப் போடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அவற்றைச் சிறு குழந்தைகளுக்கான கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. பெரியவர்களின் கணக்கில் அவை அப்படியே இருக்கின்றன. 2023இல் மறைந்த பிரிட்டிஷ் எழுத்தாளர் ரோல்ட் டாலின் சிறுவர் நூல்களில் பதிப்பகம் சொற்களையே மாற்றி அச்சிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் பழைய வாசகத்தையும் தனியாக வெளியிடுவதாக அறிவித்தது. மூன்றாவது வகையை நான் ஏற்கவில்லை. ஆசிரியர் எழுதியதை அவர் இறந்த பிறகு மாற்றினால், முன்பு எப்படிப் பேசினார்கள் என்பதற்கான சாட்சி போய்விடும். வயதுச் சான்றை மாற்றினால் அந்தச் சாட்சி அப்படியே இருக்கும். அதனால்தான் என் வாக்கு அதற்கு.

இனி நம் ஊருக்கு வருவோம். ‘ஹாட்டன்டாட்’ என்ற சொல் திருமங்கலத்துக் குழந்தையின் காதில் விழுந்தால் அது வெறும் ஓசை. அந்தச் சொல்லுக்கு உரிய மக்கள் நம்மிடையே இல்லை; அதைச் சொல்லி யாரையும் யாரும் இங்கே கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லுக்காக மட்டும் நீங்கள் அந்தப் படத்தைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. ஓர் இழிசொல்லின் பாரம், அது குறிக்கும் மனிதர் அதே தெருவில், அதே வகுப்பில் இருக்கும்போதுதான் இறங்குகிறது. ஆகவே லண்டன் வாரியத்தின் தீர்ப்பு நமக்குப் பெரிதாகப் பயன்படாது. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வியை நம் தமிழ்ப் படங்களை வைத்துக் கேட்டால் நிலைமை வேறாக இருக்கிறது.

அதற்கு முன், பழைய தமிழ்ப் படங்களின் தொடக்கத்தில் திரையில் வரும் தணிக்கைச் சான்றைப் பற்றி ஒரு செய்தி. படத்தின் பெயர், நீளம், ரீல் எண்ணிக்கை, தேதி எல்லாம் போட்டு, மேலே பெரிதாக ஒரு ‘யு’ இருக்கும். நான் சிறுவனாக இருந்தபோது அந்தத் தாள் திரையில் வந்ததும் கொட்டகையில் விசில் பறக்கும். எத்தனை ரீல் என்று எண்ணிச் சொல்பவர்கள் இருந்தார்கள். அந்த ‘யு’வுக்கு நாம் இன்று கொடுக்கும் பொருள் அன்று கிடையாது. 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின் கீழ் 1983 வரை பொதுப் படங்களுக்கு இரண்டே சான்றுகள்தான் இருந்தன: ‘யு’ அல்லது ‘ஏ’. நடுவில் எதுவும் இல்லை. கொலை, சாட்டையடி, குடித்துவிட்டு மனைவியை அடிப்பது, உடல் குறையைக் கேலி செய்வது என எது இருந்தாலும், வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கும் அளவுக்குப் போகாத படம் எல்லாமே ‘யு’வுக்குள்தான் வந்து விழுந்தது. 1983இல்தான் பெற்றோர் வழிகாட்டுதலுடன் பார்க்கும் ‘யு/ஏ’வும், மருத்துவர் போன்ற குறிப்பிட்ட துறையினருக்கான ‘எஸ்’ஸும் சேர்ந்தன. வாரியத்தின் பெயரில் ‘தணிக்கை’ என்பது போய்ச் ‘சான்றிதழ்’ என்று வந்ததும் அப்போதுதான். எனவே 1965ஆம் ஆண்டு ‘யு’ சான்றைப் பார்த்து, இது சிறு குழந்தைகளுக்கு உகந்தது என்று ஒரு குழு ஆராய்ந்து சொல்லியிருக்கிறது என நீங்கள் எடுத்துக்கொண்டால், அந்தத் தாள் சொல்லாத ஒன்றை அதில் படிக்கிறீர்கள் என்றே பொருள்.

இன்றைய நிலையும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1991 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள்தான் நான் குழுவில் இருந்தபோது எங்கள் கையில் இருந்தவை. ஒரு முழுநீளப் படத்தை வாரிய அலுவலர் ஒருவரும் குழு உறுப்பினர் நால்வருமாக உட்கார்ந்து பார்ப்போம். அவர்களில் பெண்கள் இருவராவது இருக்க வேண்டும். முடிந்ததும் அவரவர் கருத்தை எழுதித் தர வேண்டும். உடல், மனக் குறைபாடு உடையவர்களைக் கேலி செய்யும் காட்சிகளைத் தேவையில்லாமல் காட்டக்கூடாது என்றும், இனம், மதம் அல்லது பிற குழுக்களை இழிவுபடுத்தும் காட்சியோ சொல்லோ இருக்கக்கூடாது என்றும் அந்த நெறிகள் சொல்கின்றன. அவையே, படத்தை முழுமையாக வைத்து, அது காட்டும் காலத்தின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்றும் சொல்கின்றன. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்வது எவ்வளவு கடினம் என்பதை அந்த இருட்டு அறையில் உட்கார்ந்தவர்களே அறிவார்கள். ஆனால் 1991க்கு முந்தைய படங்கள் முதலில் சான்று பெற்றபோது இந்த நெறிகள் இல்லை. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், ‘யு/ஏ’வை ஏழு வயது, பதின்மூன்று வயது, பதினாறு வயது என மூன்றாகப் பிரித்தது, வரவேற்க வேண்டிய மாற்றம். அதே சட்டம், சான்று பத்தாண்டுக்கே செல்லும் என்று இருந்ததை நீக்கி, என்றைக்கும் செல்லும் என்றாக்கியது. அதனால் பழைய ‘யு’ அப்படியே நிலைக்கிறது. அந்தப் பழைய சான்று, உங்கள் மகளுக்கு ஏழு வயது என்பதை அறிந்து பேசுவதில்லை.

அந்தப் படங்களில் வரும் சொற்களை நீங்கள் அறிவீர்கள். நொண்டி, செவிடு, குருடு, ஊமை ஆகியவை அன்று வெறும் பெயர்களாகவே புழங்கின. பல படங்களில் அந்தப் பாத்திரத்துக்கு அதைத் தவிர வேறு பெயரே இருக்காது. கருத்த பெண்ணைப் பார்த்துக் கரிச்சட்டி என்பது நகைச்சுவைக் காட்சியின் தேய்ந்த வசனம். கோபத்தில் வாயில் வரும் ‘சண்டாளா’ என்பதைத் திட்டு என்றே நாம் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் அது பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர். 2024 ஜூலையில் தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையமே இச்சொல்லை மேடையிலும் பாடலிலும் திரைப்படத்திலும் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் ஆபாசமாக ஆடுவது தங்கள் சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்று நம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்து, 2023இல் அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை விதித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 8ஆம் தேதி அளித்த தீர்ப்பில், மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டும்போது இழிசொற்களைத் தவிர்க்க வேண்டும் என்று சொன்னதோடு, அவர்களின் வாழ்வைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு, அவர்களைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என்றும் பிரித்துக் காட்டியது. இவையெல்லாம் இனி எடுக்கும் படங்களுக்குப் பயன்படும். ஏற்கெனவே எடுத்த படங்களை மொட்டை மாடியில் போடப்போகிற உங்களுக்கு உதவ, இதில் எதுவும் வரப்போவதில்லை.

எனக்கு இது எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். பத்து ஆண்டுகளுக்கு முன் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் 1960களின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டேன். ஜன்னல்களுக்குச் சாக்கைக் கட்டி இருட்டாக்கி, சுவரில் வேட்டியை இழுத்துக் கட்டியிருந்தோம். குழந்தைகளும் தெய்வ பக்தியும் நிறைந்த நல்ல படம், சான்று ‘யு’. நடுவில் ஒரு நகைச்சுவைக் காட்சியில் காலை இழுத்து நடக்கும் ஒருவர் வருவார். அவரை ‘டேய் நொண்டி’ என்று கூப்பிட்டுச் சுற்றிச் சுற்றி ஓடவிடுவார்கள். அறை முழுவதும் சிரித்தது. சிரிப்புக்கு நடுவே முதல் இரண்டு வரிசையில் இருந்த பிள்ளைகள் திரையை விட்டுவிட்டுத் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். நான்காவது வரிசையின் ஓரத்தில், கால் தாங்கி அணிந்த பையன் ஒருவன் இருந்தான். அவன் பார்வை திரையிலேயே இருந்தது. கை மட்டும் முழங்காலுக்குக் கீழே தோல் வாரைத் தேடி அதைத் தடவிக்கொண்டே இருந்தது. இரண்டு வாரம் கழித்துப் புரொஜெக்டர் கம்பியை எடுக்கப் போனபோது, மதிய உணவு வரிசையில் நின்ற பிள்ளைகள் அவனைப் படத்தில் வந்த அந்த மனிதரைக் கூப்பிட்ட அதே ராகத்தில் கூப்பிட்டார்கள். அதுவரை அவனை எல்லோரும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டு வந்தார்கள் என்று சத்துணவு சமைக்கும் அம்மா சொன்னார்.

அந்தப் படம்தான் இதற்குக் காரணம் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அந்தச் சொல் அவர்கள் வீடுகளில் முன்பே இருந்தது. எந்தப் பிள்ளையும் அதைத் திரையில்தான் முதன்முதலில் கேட்டிருக்காது. ஆனால் அதை ராகம் போட்டு, கூட்டமாக, சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்பதை அன்று மதியம் அந்த அறையில் கற்றுக்கொண்டார்கள். அதைக் காட்டியவன் நான். படத்தை முன்கூட்டிப் பார்த்திருந்தும் அந்தக் காட்சி எனக்கு உறுத்தவில்லை, ஏனென்றால் சின்ன வயதில் அதே காட்சிக்கு நானும் சிரித்திருக்கிறேன். வேதனைப்படலாம், பொருள் தெரியாமல் திருப்பிச் சொல்லலாம் என்று லண்டன் வாரியம் சொன்ன இரண்டு கவலைகளும் அன்று ஒரே அறையில், நான்கு வரிசை இடைவெளியில், என் கண் முன்னால் நடந்தன. அதனால்தான் செய்தியில் வந்த அந்த மாற்றத்தைக் கேலியாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

அப்படியானால் பழைய தமிழ்ப் படங்கள் எல்லாவற்றுக்கும் புதிதாகச் சான்று கொடுக்க வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. ஆயிரக்கணக்கான படங்களை மறுபடி பார்க்க ஆள் கிடையாது. பல படங்களின் உரிமை யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது. அப்படி ஓர் அதிகாரத்தைக் கொடுத்தால் சான்றோடு நிற்காமல் வெட்டத் தொடங்கிவிடுவார்கள் என்ற அச்சமும் எனக்கு உண்டு, நம் நாட்டு வழக்கம் அது. ஆனால் ஒரு பழைய படத்தை மெருகேற்றித் திரையரங்குக்குத் திரும்பக் கொண்டுவரும்போது, அதை ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொள்ளலாம். மேரி பாப்பின்ஸ் வந்த அதே 1964இல் வெளியான ‘கர்ணன்’, 2012இல் அப்படித்தான் புதுப்பித்து வெளியானது. அதுபோன்ற மறுவெளியீட்டின்போது ‘யு/ஏ’வுக்குள் எந்த வயது என்பதையும், எதனால் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிட்டால் போதும். இணையவழியே படம் காட்டும் தளங்களுக்கு 2021ஆம் ஆண்டு விதிகள் இப்படி ஒரு வரியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. திரையரங்குக்கும் அது வர வேண்டும்.

கர்ணனைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தும் வசனம் அந்தப் படத்திலும் இருக்கிறது; தேரோட்டி மகன் என்று சபை நடுவே கர்ணனைச் சிறுமைப்படுத்துகிறார்கள். ஆனால் அந்தச் சொல் அவன்மேல் விழும்போது படம் அவன் பக்கம் நிற்கிறது, பார்க்கிற குழந்தையும் அவன் பக்கம் போய் நிற்கிறது. கதையே அந்தக் காயத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. இத்தகைய படத்தைச் சொல்லுக்குப் பயந்து ஒதுக்கினால் அது பெரிய இழப்பு. படத்தை எடைபோடும்போது அந்தச் சொல்லைச் சொல்கிறவனோடு நம்மைச் சிரிக்கவைக்கிறார்களா, சொல்லப்பட்டவனோடு நிற்கவைக்கிறார்களா என்பதை மட்டும் கவனியுங்கள். சொல்லின் பட்டியலை வைத்துக்கொண்டு படத்தை அளந்தால் நல்ல படங்கள் பலவற்றை இழப்பீர்கள், மோசமான படங்கள் சில தப்பித்துவிடும்.

இனி உங்கள் மொட்டை மாடிக்கு. ஒவ்வொரு படத்தையும் நீங்கள் ஒரு முறை தனியாகப் பாருங்கள். பார்க்கும்போது உங்கள் தெருப் பிள்ளைகளை ஒவ்வொருவராக மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்ட பிள்ளை, திக்கிப் பேசும் பிள்ளை, நிறம் குறைந்த பிள்ளை, அம்மா தூய்மைப் பணிக்குப் போகும் பிள்ளை, அப்பா இல்லாத பிள்ளை. எந்தக் காட்சியில் மற்றவர்கள் திரும்பி அவர்களைப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். வேறு ஊரில் உட்கார்ந்திருக்கும் எந்தக் குழுவுக்கும் அது தெரியாது. ஒரு பிள்ளையைக் குறிவைத்தாற்போல் காட்சி இருந்தால், அந்தப் படத்தை அந்தக் கூட்டத்துக்குப் போடாதீர்கள். வேறு படம் இல்லாமல் போய்விடவில்லை. ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் கலந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கறாராக இருங்கள். படத்துக்கு முன்னால் நீங்கள் சொல்வதை அவர்கள் படம் தொடங்கியதும் மறந்துவிடுவார்கள், ராகம் மட்டும் மனத்தில் நிற்கும். எட்டு ஒன்பது வயதுக்கு மேல் என்றால் இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போடலாம். வசனத்தை மட்டும் சத்தமில்லாமல் ஆக்க முயலாதீர்கள். ஒரு முறை நான் அப்படிச் செய்தேன்; சத்தம் நின்ற இடத்தில் என்ன சொன்னார்கள் என்று கண்டுபிடிப்பதே பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிட்டது. பெரிய பேச்சும் வேண்டாம். அந்தக் காலத்தில் இப்படிச் சொன்னார்கள், சொல்லப்பட்டவர்களுக்கு அது வலித்தது, நாம் பேர் சொல்லிக் கூப்பிடுவோம் என்ற அளவு போதும்.

உசிலம்பட்டியில் போட்ட அதே படத்தை இரண்டு ஆண்டுகள் கழித்து மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில், பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு, இப்படிப் பேசிவிட்டுப் போட்டேன். அந்தக் காட்சி வந்தபோது பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். படம் முடிந்து சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து, “ஏன் சார், அந்த ஆளுக்குப் பேரே வைக்கலையா?” என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. மறுபடி ஓடவிட்டு அவர் வரும் காட்சிகளை மட்டும் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்தோம். மூன்று காட்சி. யாரும் ஒரு முறைகூட அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. அன்று அவர்களாகவே அவருக்கு ஒரு பேர் வைத்தார்கள். எந்தப் பேர் என்பதில் அரை மணி நேரம் சண்டை நடந்தது. அந்தப் படத்தை இப்போதும் போடுகிறேன், ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும். உங்கள் பட்டியலில் அந்தக் காலத்துப் படங்கள் எவை என்று எழுதினால், நான் பார்த்தவற்றில் எந்த இடத்தில் நீங்கள் எழுந்து பிள்ளைகள் பக்கம் வந்து உட்கார வேண்டும் என்று குறித்து அனுப்புகிறேன்.